சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்
(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் துறைக்குச் சொந்தமான நெப்பந்தஸ் செடியைக் கொன்றவன் நான்தான். இதனை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்னர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் வாழ்ந்த ஒரு மருத்துவரின் வரலாற்றைச் சொல்வதே முறை என்று எண்ணுகிறேன். ஏனெனில் அந்தக் குற்றம் நிகழாதிருந்தால் அம்மனிதரைப் பற்றி நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

நெப்பந்தஸ் என்பது பூச்சி உண்ணும் குடுவைத் தாவரம். இலை நுனியில் மூடியுடன் கூடிய குடுவை தொங்கும். அதன் விளிம்பிலே சுரக்கும் இனிப்பை நாடி வரும் எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழுந்து செரிக்கப்படும். பள்ளிப் பாடநூலில் படம் பார்த்தவர் பலர். உயிருள்ள செடியைப் பார்த்தவர் சிலரே. எங்கள் தாவரவியல் விரிவுரையாளர் கேரளத்து நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து தம் சொந்தச் செலவில் வாங்கி வந்து, நான்கு ஆண்டுகள் ஆய்வுக்கூட ஜன்னலோரத்தில் வளர்த்த செடி அது. விடுமுறையில் ஆய்வுக்கூடம் பூட்டப்படும் என்பதால், மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அருகில் வீடும், வீட்டுக்கு மொட்டை மாடியும் உள்ள என்னிடம் அதனை ஒப்படைத்தார்.

மொட்டை மாடியில் அம்மா வளர்க்கும் செம்பருத்தி இருந்தது. அதன் நிழலில் வைத்தால் வெயில் தாக்காது என்று எண்ணி, குடுவைச் செடியை அதனடியில் வைத்தேன். செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருப்பது தெரியும். சென்னையில் மாவுப்பூச்சி இல்லாத செம்பருத்தி எங்கே இருக்கிறது? பூச்சி தின்னும் செடிக்குப் பூச்சியால் என்ன கேடு வந்துவிடும் என்ற அசட்டுத் துணிவு எனக்கு இருந்தது. பத்தே நாளில் இலைக்கக்கங்களிலும், குடுவை மூடியின் அடிப்புறத்திலும் வெள்ளைப் பஞ்சு அப்பிக் கிடந்தது. குடுவை தன் வாய்க்குள் விழுவதைத்தான் உண்ணும். முதுகிலே அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதை அது என்ன செய்ய முடியும்? இதில் வேடிக்கை என்னவென்றால், மாவுப்பூச்சி கழிக்கும் தேன்கழிவுக்காக அதனைக் காவல் காத்து நின்றவை எறும்புகள். குடுவைக்குள் மிதந்து கிடந்தவையும் எறும்புகளே.

அம்மா செம்பருத்திக்கு அடிக்கும் மருந்தையே நானும் எடுத்தேன். வேப்பெண்ணெயில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைக் கலந்து, பூச்சி அதிகம் என்பதால் அளவையும் இரு மடங்காக்கி, சித்திரை மாதத்து உச்சி வெயிலில் சொட்டச் சொட்டத் தெளித்தேன். பூச்சிகள் இறந்தன. இலைகள் இரண்டு நாளில் வெந்த கீரை போலாயின. குடுவைகளுக்குள் சோப்பு நீர் நுரைத்து நின்றது. ஒரு வாரத்தில் அவை யாவும் கருகின. கலங்கிப்போய்க் குழாய் நீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவினேன். உப்பு நீர் இச்செடிக்கு ஆகாது என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

கல்லூரி திறந்ததும் தலைகுனிந்து தொட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். ஐயா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். தண்டின் அடிப்பாகத்தைக் கீறிப் பார்த்து, பச்சை இன்னும் இருக்கிறது என்று மட்டும் கூறினார். பிறகு, கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவருக்குச் சிலை இருக்கிறது, அவர் யார் என்று படித்து வா, மாவுப்பூச்சியின் இனத்தோடு இந்த ஊரில் முதன்முதலாகப் போராடியவர் அவர்தான், ஆனால் நீ பூச்சியை ஒழிக்கப் பார்த்தாய், அவர் வளர்க்கப் பார்த்தார் என்று சொல்லி அனுப்பினார். தண்டனையாகவே ஏற்றுக்கொண்டு சென்றேன். கிடைத்ததை எழுதுகிறேன்.

ஆண்டர்சன் 1738ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே பிறந்தவர். மருத்துவம் கற்று, அக்காலத்து ஸ்காட்லாந்து இளைஞர் பலரைப் போலவே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்தில் சேர்ந்து கடல் கடந்தார். 1765இல் சென்னையில் உதவி அறுவை மருத்துவர். படிப்படியாக உயர்ந்து, சென்னை மாகாணத்தின் பிசிஷன் ஜெனரல் என்னும் மருத்துவத் தலைமைப் பதவியை அடைந்தார். இந்த உத்தியோக வரலாற்றில் சுவை ஒன்றும் இல்லை. அவரைப் போலப் பதவி உயர்ந்தவர் பலர். ஆனால் அவர் வாழ்ந்த சென்னையை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, உழவு நின்றது, அடுத்த ஆண்டுகளில் கொடிய பஞ்சம். பட்டினியால் துரத்தப்பட்டு நகருக்குள் வந்த மக்களுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்ததே மணியக்காரர் சத்திரம். இவற்றையெல்லாம் மருத்துவராக இருந்து கண்டவர் ஆண்டர்சன். நெல் பொய்த்தால் சோறில்லை என்ற நிலையிலுள்ள இந்த வறண்ட கடற்கரைச் சீமைக்கு வேறு ஏதேனும் பயிரோ தொழிலோ வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. முசுக்கொட்டை நட்டுப் பட்டுப்புழு வளர்க்கச் செய்ததும், பருத்தி, கரும்பு, காப்பி என்று ஒவ்வொன்றாக முயன்றதும் அந்த எண்ணத்தின் விளைவே. கம்பெனிக்கு இலாபமும் வேண்டும் என்பதை அவர் மறந்தவரல்லர். அதையும் சொல்லிவிடுவது நேர்மை.

1786ஆம் ஆண்டு டிசம்பரில், சென்னையில் ஒரு புல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த சிறு பூச்சிகளை அவர் கண்டார். நசுக்கியபோது விரலில் சிவப்பு படிந்தது. அந்தச் சிவப்பிலிருந்துதான் கதை தொடங்குகிறது.

அந்நாளில் உலகிலேயே விலையுயர்ந்த சிவப்புச் சாயம் கொச்சினீல். அது மெக்சிகோவில் நோபால் என்னும் கள்ளியின் மடலில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி எடுப்பது. நம் மாவுப்பூச்சிக்கு நெருங்கிய உறவு. அதே போல் வெண்பஞ்சு போர்த்துக்கொண்டு, அசையாமல் அமர்ந்து சாறு உறிஞ்சும். உடம்புக்குள் இருக்கும் கார்மினிக் அமிலமே அதன் செல்வம். ஒரு பவுண்டு சாயச் சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும் என்பார்கள். ஆங்கிலப் படை அதிகாரிகளின் செஞ்சட்டை முதல் கர்தினால்களின் அங்கி வரை அதன் நிறமே. ஸ்பெயின் நாட்டார் அதன் உயிர்ப்பூச்சியை வெளியே விடாமல் காத்தனர். தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் 1777இல் மெக்சிகோவின் வாகாக்கா பகுதிக்கு மருத்துவர் போல நடித்துச் சென்று, பூச்சியையும் கள்ளியையும் ஒளித்து எடுத்து வந்த கதை ஒரு துப்பறியும் நாவலுக்குச் சமம். அத்தகைய பூச்சி தன் காலடிப் புல்லிலேயே இருக்கிறது என்று நம்பிய ஆண்டர்சனின் மகிழ்ச்சியை நாம் ஊகிக்கலாம்.

இலண்டனில் அறிவியல் உலகின் தலைவராக வீற்றிருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றல்ல, இரண்டல்ல, கடிதங்களை இங்கேயே அச்சிட்டு 1788இல் நூலாகவும் வெளியிட்டார். புல் பூச்சியை உலர்த்தி அனுப்பினார். இலண்டனிலிருந்து வந்த முடிவு ஏமாற்றம் தருவது: இது கொச்சினீல் அன்று, சாயத்துக்கு உதவாது. வேறொருவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். ஆண்டர்சனோ, அப்படியானால் உண்மையான கொச்சினீலையே இங்குக் கொண்டுவந்துவிடுவோம் என்று முனைந்தார். பூச்சி வருவதற்கு முன் அதற்கு உணவு தயாராக வேண்டுமே! பேங்க்ஸின் உதவியால் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து நோபால் கள்ளிகள் கப்பலேறி வந்தன. 1789 வாக்கில் சைதாப்பேட்டையில், அடையாற்றின் பக்கத்தில், நோபால் தோட்டம் எழுந்தது. அதன் கண்காணிப்பாளர் ஆண்டர்சனின் மருமகனான மருத்துவர் ஆண்ட்ரூ பெர்ரி. (மகளை மணந்தவரல்லர், உடன்பிறந்தார் மகன் முறை.)

இன்று மறைமலை அடிகள் பாலத்தின் மேல் பேருந்தில் செல்கையில் இருபுறமும் பார்த்தால் கள்ளித் தோட்டம் இருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. 1966 வரை அங்கிருந்தது மார்மலாங் பாலம். 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டியது. மாம்பலம் என்பதே ஆங்கிலேயர் வாயில் மார்மலாங் ஆயிற்று. ஆண்டர்சன் கோட்டையிலிருந்து தம் தோட்டத்துக்கு வந்த வழியில் அந்தப் பாலத்தைக் கண்டிருப்பார். நுங்கம்பாக்கத்திலும் அவருக்குத் தோட்டம் இருந்தது. அங்குள்ள ஆண்டர்சன் சாலை அவர் பெயரைத் தாங்கியதே என்பர். தண்ணீர் சுமந்து அத்தோட்டங்களை வளர்த்த தமிழ்த் தோட்டக்காரர்களின் பெயரைத் தாங்கிய சாலை எதுவும் இல்லை. என் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன துரையும் இருந்தானா என்று சிரித்தார்.

கள்ளி வளர்ந்தது, பூச்சி வரவில்லை. ஆண்டுகள் ஓடின. இடையில் ஆண்டர்சன் சும்மா இருக்கவில்லை. செடிகளின் கிளையில் வெள்ளை மெழுகு பூசிக்கொண்டு வாழும் மற்றொரு செதில் பூச்சியைச் சென்னையருகே கண்டு, வெள்ளை அரக்கு என்று பெயரிட்டு, அதன் மெழுகைத் திரட்டி அனுப்பினார். ஜார்ஜ் பியர்சன் என்ற வேதியியலார் அதனை ஆய்ந்து 1794இல் இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் கட்டுரை எழுதினார். தொழிலாக அது தேறவில்லை. ஆனால் அப்பூச்சி இன்று செரோபிளாஸ்டஸ் செரிஃபெரஸ் என்ற பெயரில், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அழகுச் செடிகளைக் கெடுக்கும் பூச்சியாகப் பாடநூல்களில் நிற்கிறது. நாம் மருந்தடித்துக் கொல்லும் பூச்சி ஒவ்வொன்றிலும் அவர் ஒரு தொழிலைக் கண்டார் என்றே சொல்லலாம்.

1795இல் எதிர்பாராத திசையிலிருந்து பூச்சி வந்தது. 52ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் நீல்சன் என்பவர், கப்பல் பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் நின்றபோது, பூச்சி ஒட்டிய கள்ளி மடல்களைப் பெற்று, கடல் வழியெல்லாம் காப்பாற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அது சென்னைக்கு வந்தது. ஒன்பது ஆண்டுக் கனவு கைகூடியது என்றே ஆண்டர்சன் எண்ணியிருக்க வேண்டும்.

ஆனால் வந்தது வேறு பூச்சி. மெக்சிகோவின் வளர்ப்புக் கொச்சினீல் ஓர் இனம். தென்னமெரிக்காவில் காட்டுக் கள்ளியில் வாழும் இது வேறோர் இனம். கொண்டுவந்தபோது இரண்டையும் பிரித்தறியவில்லை. இன்று இதற்கு டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்று பெயர். கியூவிலிருந்து வந்து, சைதாப்பேட்டையில் பார்த்துப் பார்த்து வளர்த்த நோபாலை அது விரும்பவில்லை. வேலியோரங்களில் தானாக மண்டிக் கிடந்த ஒரு சப்பாத்திக்கள்ளியை, ஒப்பன்ஷியா மோனகாந்தா என்பதை, பேராசையுடன் உண்டது. உண்டு, பெருகி, அந்தக் கள்ளியையே அழித்துவிட்டு, உணவின்றித் தானும் மடிந்தது. சாயம் எடுத்தார்கள், தரம் தாழ்ந்தது, மெக்சிகோ சரக்கின் முன் நிற்கவில்லை. 1800இல் கம்பெனி நோபால் தோட்டத்தை மூடியது. செடிகள் அப்போதுதான் கைவசமான பெங்களூருக்கு அனுப்பப்பட்டன. லால்பாக்கின் ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் சைதாப்பேட்டையின் பங்கும் உண்டு.

கடைசி வரை ஆண்டர்சன் கள்ளியை விடவில்லை. கள்ளி மடல் பறித்துப் பல நாளாயினும் வாடாது, கப்பலில் மாலுமிகளுக்கு உணவாகக் கொடுத்தால் ஸ்கர்வி நோய் வராது என்று வாதாடினார். சாயத் தோட்டம் போய்விட்டது. கள்ளியாவது பயன்படட்டும் என்ற ஆற்றாமை அதில் தெரிகிறது. 1809ஆம் ஆண்டு ஆகஸ்டில், 71ஆம் வயதில், சென்னையிலேயே இறந்தார். மருத்துவர்கள் அவருக்குச் சிலை எடுத்தனர். செதுக்கியவர் அந்நாளில் புகழின் உச்சியிலிருந்த சர் பிரான்சிஸ் சான்ட்ரி.

அந்தச் சிலையின் முன் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நின்றேன். வெளியே கதீட்ரல் சாலையின் இரைச்சல். உள்ளே மின்விசிறி ஓசை மட்டும். வாழ்நாளில் இருபது ஆண்டுகளைத் தவறான பூச்சிக்குச் செலவிட்ட மனிதர் என்று எண்ணியே சென்றேன். அவ்வெண்ணம் அங்கு நின்றபோது மாறிற்றா என்றால், இல்லை; அதற்கடுத்த வாரம் நூலகத்தில் அமர்ந்து, அப்பூச்சிக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று படித்தபோதுதான் மாறியது.

சாயத்துக்கு உதவாத அப்பூச்சி, ஒரே ஒரு வகைக் கள்ளியை மட்டும் தின்றுதீர்க்கிறது, பக்கத்திலுள்ள வேறு பயிரைத் தொடுவதில்லை என்பதைப் பிற்காலத்தார் கவனித்தனர். 1836 முதல் 1838 வரை, தென்னிந்தியாவில் நிலங்களை அடைத்துக்கொண்டிருந்த கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதனைக் கொண்டுபோய் விட்டனர். களையை ஒழிக்க ஒரு பூச்சியை வேண்டுமென்றே ஏவிய நிகழ்ச்சிகளில் உலகில் முதலாவது இதுவே என்று உயிரியல் கட்டுப்பாடு பற்றிய நூல்கள் கூறுகின்றன. பிறகு இலங்கையில், 1913இல் தென்னாப்பிரிக்காவில், அடுத்து ஆஸ்திரேலியாவில். 1926இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த டாக்டிலோபியஸ் ஒப்பன்ஷியே என்ற பூச்சி இலங்கையிலிருந்து தமிழகத்துக்கு வந்து, மற்றொரு சப்பாத்திக்கள்ளியைச் சில ஆண்டுகளில் அடக்கியது. தென்மாவட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால், கள்ளிக்காட்டின் மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்து காடே சரிந்த கதையைத் தம் தாத்தா சொன்னதாகச் சொல்வார்கள். ஆண்டர்சன் கையிலிருந்த விடை சரியானதே. கேள்விதான் வேறு. கள்ளி செத்துக்கொண்டிருந்ததை அவர் இழப்பாகவே பார்த்தார். வேறு விதமாகப் பார்க்க அவருக்குக் காரணமும் இல்லை.

சைதாப்பேட்டை பற்றி இன்னொன்று. 1864இல் அங்கே அரசு மாதிரிப் பண்ணை தொடங்கி, 1876இல் வேளாண்மைப் பள்ளியாயிற்று. அப்பள்ளி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு மாறி, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வாரிச் சுருட்டியபோது, மருந்தடித்துப் பயன் காணாமல், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவியை வரவழைத்தனர். அப்பல்கலைக்கழகமும் சேர்ந்து அதனைப் பெருக்கி மாவட்டந்தோறும் விட்டது. எறும்பினும் சிறிய குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழிக்கும். செடிக்கு ஒரு கீறலும் இல்லை. முசுக்கொட்டையைக் காப்பாற்றியது என்பதை ஆண்டர்சன் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இவ்வளவையும் எழுதி ஐயாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, உதவாத பூச்சி என்ற சொற்றொடரை இரண்டு இடத்தில் அடித்தார். அதன் பிறகே குடுவைச் செடியில் மாவுப்பூச்சியை எப்படி அகற்ற வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் இச்செடி வைத்திருப்போர் கல்லூரியில் இன்னும் இருவர் இருப்பதால் எழுதிவைக்கிறேன். முதல் வேலை எறும்பை நிறுத்துவது: தொட்டியை நீர் நிறைந்த தட்டின் நடுவே ஒரு கல்லின் மேல் ஏற்றிவிட வேண்டும், காவலர் இல்லையேல் மாவுப்பூச்சியின் கொட்டம் பாதி அடங்கும். காதுக் குச்சியின் பஞ்சைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்து, பூச்சியின் மேல் மட்டும் தொட வேண்டும். இலையை மெழுகக் கூடாது, குடுவைக்குள் ஒரு சொட்டும் விழக் கூடாது. மாலையில் செய்து, பிறகு மழைநீராலோ காய்ச்சி வடித்த நீராலோ கழுவ வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் ஆதலால் வாரம் ஒரு முறை வீதம் ஐந்தாறு வாரம் விடாது பார்க்க வேண்டும். வேரிலும் இருக்கலாம், தொட்டியை மாற்றும்போது வேரையும் கவனிக்க வேண்டும். பூச்சி அளவுக்கு மீறினால் அந்த இலையையே வெட்டி எறிந்துவிடலாம், செடி தாங்கும். ட்ரோசிரா வளர்ப்போர்க்கு வேறு வழி: அதன் ஒட்டும் சுரப்பிகளை எண்ணெயும் சோப்பும் கெடுத்துவிடும், அசுவினி கண்டால் செடியைத் தொட்டியோடு ஒரு நாளோ இரு நாளோ மழைநீரில் முழுக வைத்து எடுத்தால் போதும். ஒட்டுநீர் கரைந்துபோகும், சில நாளில் மறுபடி சுரக்கும்.

எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான். இவற்றுள் ஒன்றுக்கும் ஐம்பது ரூபாய்க்கு மேல் செலவில்லை. பொறுமை மட்டுமே வேண்டும். அதுதான் அன்று மொட்டை மாடியில் என்னிடம் இல்லாதிருந்தது.

செடி முழுதும் சாகவில்லை. ஆவணி மாதத்தில் அடித்தண்டின் ஓரத்திலிருந்து ஒரு முளை கிளம்பியது. இப்போது நான்கு இலைகள். நான்காம் இலையின் நுனியில் பென்சில் முனை அளவுக்கு ஒரு குடுவை, இன்னும் மூடி திறக்கவில்லை. தொட்டியைத் திரும்பவும் என் பொறுப்பிலேயே விட்டிருக்கிறார் ஐயா. ஜன்னலோரத்தில் நீர்த்தட்டின் நடுவே இருக்கிறது. திங்கள்தோறும் முதல் மணிக்கு முன் கைலென்ஸுடன் சென்று பார்க்கிறேன். போன திங்களன்று மூன்றாம் இலைக்கக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. ஸ்பிரிட் புட்டி இரண்டாவது அலமாரியில், இடப்புறம்.